விட்டுக்கொடுக்க வைத்திருந்த அத்தை

ஜன்னல் ஓரத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்தீர்களே, நன்றி சார். உண்மையைச் சொன்னால் நான் சண்டைக்குத் தயாராகத்தான் ஏறினேன். முடியாது என்பீர்கள், நான் ஒரு சத்தம் போடுவேன், நீங்கள் ஒரு சத்தம் போடுவீர்கள், கண்டக்டர் வருவார், கடைசியில் பாதி வழி உங்களுக்கு, பாதி வழி இவளுக்கு என்று ஒப்பந்தம் ஆகும். இவ்வளவையும் யோசித்துக்கொண்டு வந்தால் நீங்கள் பாட்டுக்கு எழுந்து வழி விட்டுவிட்டீர்கள். கேட்டவுடன் கொடுக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது.

இவள் பெயர் ரூபி. உங்கள் பையைத் தொட்டால் தொடட்டும், விடுங்கள். ஜிப்பைத் திறப்பாள், மூடுவாள், எதையும் எடுக்க மாட்டாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மனசு மட்டும் ஐந்து வயதில் உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வள்ளியூர் தாண்டி பனவிளை விலக்கு என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது. உள்ளே கன்னியர் மடத்துக்காரர்கள் ஓர் இல்லம் நடத்துகிறார்கள். அங்கே சேர்க்கத்தான் கூட்டிப் போகிறேன். அந்தத் துணிப்பை இவளுடையது. இவள் அக்கா மடித்து வைத்துவிட்டுப் போன துணிகள், இன்னும் மடிப்புக் கலையவில்லை.

என் பெயர் மாசானமுத்து. இப்போது யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் எந்த அரசு அலுவலகத்துக்குள் நான் நுழைந்தாலும் உள்ளே இருக்கிற அதிகாரி மின்விசிறியைக் கூட்டி வைப்பார். நெடுஞ்சாலையில் ரோடு போடுகிற கேங்கில் தார் காய்ச்சிய ஆள் நான். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. மீதி எல்லாம் அடிபட்டுப் படித்தது. என் அப்பா ஆட்டு வியாபாரி. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், தெரியுமில்லையா? அந்தத் துண்டுக்கு அடியில்தான் என் பள்ளிக்கூடம். வேண்டியதைக் கேட்காதே, அதற்கு மேலே கேள். விட்டுக்கொடுப்பதற்கென்றே இரண்டு சாமானைச் சேர்த்து வை. விடும்போது வயிறெரிந்து விடுகிற மாதிரி விடு. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் சங்கம் நடத்தினேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மழைக்காலத்தில் பள்ளம் அடைக்கிற ஆட்களுக்கு மழைக்கோட்டு வேண்டும். நான் என்ன கேட்டேன்? மழைக்கோட்டு, ரப்பர் பூட்சு, வீட்டில் இருக்கிற பெண்டாட்டிகளுக்கு ஆளுக்கொரு குடை. குடையைக் கேட்டதும் அந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்டாட்டிக்கு எதற்கு அரசாங்கம் குடை கொடுக்க வேண்டும் என்று குதித்தார். நானும் குதித்தேன். நடுவில் ஒரு தடவை வெளிநடப்பு. வராண்டாவில் நின்று பீடி பற்ற வைப்பதற்குள் கூப்பிட ஆள் வந்தாயிற்று. சாயங்காலம் குடையை விட்டேன், கோட்டும் பூட்சும் வந்தது. குடையைப் பிடுங்கிவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷம். குடை எவனுக்கு வேண்டும்? எனக்கும் சந்தோஷம். இதுதான் சார் பேரம். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இவள் அக்கா ஞானசெல்வம், அரசு ஆஸ்பத்திரியில் நர்சு. ஒரு மறியலில் போலீஸ் தடியடி. என் மண்டை பிளந்துவிட்டது. தையல் போட்டது அந்த அம்மாதான். தைத்துக்கொண்டே, உள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, அதான் பெரிசாச் சேதம் இல்ல என்றது. வார்டு முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்க முடியாமல் கிடந்தேன், சிரித்தால் தையல் இழுக்கும். அன்றைக்கு இந்த ரூபி அங்கேயே வராண்டாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டூட்டிக்கும் கூடவே கூட்டி வந்துவிடும் அந்த அம்மா. வேறு யாரிடம் விடும்? கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பெண்ணைப் பிடிக்கும், தங்கச்சியைப் பார்த்ததும் காப்பி ஆறுமுன்னே கிளம்பிவிடுவார்கள் என்று அதுவே சொல்லிச் சிரிக்கும். என் தலையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு ரூபி எனக்குக் கட்டு மாமா என்று பெயர் வைத்தாள். கட்டுப் பிரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் கட்டு மாமாதான்.

நாங்குநேரி வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா ரூபி? வேண்டாமாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நியமனம் வந்தது. அரசு ஊழியர் ஓய்வூதிய ஆலோசனை வாரியம். அதில் பணியாளர் தரப்பு உறுப்பினராக என்னைப் போட்டிருக்கிறார்கள். வாரியம் என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. மின்வாரியம் இருக்கிறது, கரண்டை நிறுத்தினால் நிற்கிறதா இல்லையா? வாரியம் என்றால் செய்கிற இடம் என்று நினைத்துவிட்டேன். முன்னால் ஆலோசனை என்று ஒன்று இருந்ததே, அதைக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் போடுகிற திருவளர்ச்செல்வன் மாதிரி, சும்மா மரியாதைக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் பித்தளையில் பெயர்ப் பலகை கூட மாட்டினேன்.

முதல் கூட்டத்துக்குச் சென்னை போனேன். மேசையைப் பார்த்ததுமே எனக்குச் சரிப்படவில்லை. முட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் நம் பக்கம், எந்தப் பக்கம் அவர்கள் பக்கம்? தலைவர் கருணாகரன், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் பக்கத்தில் தூங்குகிற குழந்தை முழிக்காது, அப்படி ஒரு குரல். உறுப்பினர் செயலர் என்று நஸ்ரின் அம்மா. யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். மற்றவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். முந்திரிப்பருப்பு வைத்திருந்தார்கள்.

நான் வழக்கப்படி மேசையைத் தட்டிப் பேசினேன். நஸ்ரின் அம்மா என் முன்னால் இருந்த தண்ணீர்த் தம்ளரை மெதுவாக இரண்டு விரலால் தள்ளி வைத்தார்கள், கொட்டிவிடக் கூடாது என்று. தலைவர், மாசானமுத்து சாரின் உணர்வை வாரியம் பதிவு செய்கிறது என்றார். அவ்வளவுதான். எதிர்த்து ஒருவர் பேசவில்லை. நான் கேட்டதற்கு எதிர்க்கேள்வி இல்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனால், வாங்குகிறவன் வரவே இல்லை, ஆனால் எல்லாரும் ஆடு நல்ல ஆடு என்கிறார்கள். எப்படி இருக்கும்?

கூட்டம் முடிந்து தலைவரிடம் நேராகவே கேட்டேன், நாம் இங்கே முடிவு செய்தால் நடக்குமா நடக்காதா என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். நாம் அரசுக்குச் சொல்வோம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

"அப்போ நாம எதுக்கு சார்?"

"சொல்வதற்கு."

கிண்டல் இல்லை சார். மனசாரச் சொன்னார். ஊருக்கு வந்து பெயர்ப் பலகையைக் கழற்றலாமா என்று யோசித்தேன். அதற்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. தினமும் வாசலில் ஆள். ஞானசெல்வமும் ஒரு நாள் ரூபியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

ரிட்டயர் ஆகி பென்ஷனில் இருந்தது அந்த அம்மா. ஆள் பாதியாகி இருந்தது. வயிற்றில் கட்டி. டாக்டர் சொல்வதற்கு முன்னால் தானே கண்டுபிடித்துவிட்டதாம். அடுத்த கிறிஸ்துமஸ் எனக்குக் கெடையாது அண்ணாச்சி என்று, கேஸ் சிலிண்டர் தீரப் போகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னது. விஷயம் இதுதான். பென்ஷன்காரர் இறந்தால் அதில் ஒரு பங்கு குடும்ப ஓய்வூதியமாக வரும். புருஷனுக்கு வரும், பெண்டாட்டிக்கு வரும், பிள்ளைக்கு வரும். பிள்ளை இந்த ரூபி மாதிரி இருந்தால் ஆயுசு பூராவும் வரும். ஆனால் தங்கச்சிக்கு வராது. எங்கள் விதியில் தங்கச்சி குடும்பம் இல்லை. சோறு ஊட்டி, தலை சீவி, தீட்டுத் துணி மாற்றி, ஒரு ஆயுசையே கொடுத்து வளர்த்தாலும் தங்கச்சி குடும்பம் இல்லை.

"ஒங்க வாரியத்துல சொல்லி ரூபிக்கு வாங்கித் தாங்க அண்ணாச்சி. இவளுக்கு மட்டும் போதும். மத்தவங்கள அப்புறம் பாத்துக்கிடலாம்."

இவளுக்கு மட்டும் என்றது சார். நானும் காதில் வாங்கினேன். ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். நான் வாழ்நாளில் ஒருத்தருக்கு மட்டும் என்று எதையும் கேட்டவன் இல்லை. ஒருத்தனுக்கு மட்டும் கேட்கிறவன் தரகன். எல்லாருக்கும் கேட்கிறவன்தான் தலைவன். இதை மேடையில் எத்தனை தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி. நானும் விஷயத்தைச் சுருக்கமாக எழுதி வாரியத்துக்கு முன்கூட்டியே அனுப்பினேன். கூட்டத்தன்று காலையில் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். நிதித்துறையில் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். ஞானசெல்வம் அம்மாவின் சேவை, அந்தத் தங்கையின் நிலைமை இரண்டையும் பார்த்து, தனி நேர்வாக, அதாவது இவள் ஒருத்திக்கு மட்டும், ஒரு விதித்தளர்வு கொடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்களாம். வாரியம் ஒரு வரி பரிந்துரைத்தால் போதுமாம். கடைசியில் ஒரு வாக்கியம் மட்டும் வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. அந்த வாக்கியம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த வாக்கியத்தோடு எனக்கு முப்பது வருஷப் பகை சார். எங்கள் ஆட்களில் நாலு பேருக்குக் கொடுத்து நானூறு பேர் வாயை அடைப்பதற்கு என்றே எழுதி வைத்த வாக்கியம் அது. நான் சொன்னேன், ஒருத்திக்குப் பிச்சை வேண்டாம், எல்லாருக்கும் உரிமை வேண்டும். தலைவர் டீயைக் கீழே வைத்தார்.

"மாசானமுத்து சார், அந்த அம்மாவுக்கு நேரம் இல்லையே."

"அதுக்காக நான் குனிய முடியாது சார்."

இன்னொரு விஷயமும் உண்டு, மறைப்பானேன். அவர் ஒன்று தருகிறேன் என்று முதலிலேயே வருகிறார் என்றால் அவர் கையில் பத்து இருக்கிறது என்று அர்த்தம். சந்தையில் அதுதான் கணக்கு. முதல் விலைக்கே ஆட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் என் அப்பா தோலை உரித்துவிடுவார்.

கூட்டத்தில் நான் வைத்த கோரிக்கையைக் கேளுங்கள். ஊழியரை நம்பி வாழ்கிற தங்கை, தம்பி எல்லாருக்கும் குடும்ப ஓய்வூதியம். உடம்பு முடியாதவர்கள் மட்டும் இல்லை, எல்லாரும். விதவை அக்கா. கல்யாணம் ஆகாத நாத்தனார். அதோடு அத்தை, சித்தி. அத்தையும் சித்தியும் குடை சார். விட்டுக்கொடுப்பதற்கென்றே வைத்தது. அத்தையைக் கேட்டதும் யாராவது குதிப்பார்கள், நானும் குதிப்பேன், சாயங்காலத்துக்குள் அத்தையை விட்டு, சித்தியை விட்டு, நாத்தனாரை விட்டு, ரூபி மாதிரி ஆட்கள் எல்லாருக்கும் என்று வந்து நிற்பேன். அழகான திட்டம். இப்போது சொன்னாலும் அதில் ஓட்டை கிடையாது.

பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். குதிக்கிற ஆள் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். கணக்குத் தெரிந்தவர், மனிதாபிமானமான கருத்து என்றார். சட்டம் தெரிந்தவர், குடும்பம் என்பதன் இலக்கணம் மாறி வருகிறது என்றார். நஸ்ரின் அம்மா எழுதிக்கொண்டே, அத்தை என்றால் அப்பா வழி மட்டுமா, மாமியாரும் சேருமா என்று ஒரு சந்தேகம் கேட்டார்கள். அதையும் கேலியாகக் கேட்கவில்லை, சரியாக எழுத வேண்டுமே என்று கேட்டார்கள். தலைவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஒருமனதாகப் பரிந்துரைக்கிறோம் என்றார்.

முழுசாக. அத்தையோடு.

அத்தையை விட்டுவிடுகிறேன் என்று நானாகவா சொல்ல முடியும்? எவனாவது அப்படிச் செய்வானா? கேட்டால்தானே விட முடியும். வெளியே வந்து லிஃப்டில் இறங்கும்போது யோசித்தேன், சரி, நம் வாழ்நாளில் இப்படி ஒரு வெற்றி கண்டதில்லை, கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள், இது வெற்றி இல்லாமல் என்ன என்று. ஊருக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் மாலை, வேட்டு, பேனர். நாத்தனாருக்கும் உரிமை பெற்றுத் தந்த நாயகனே என்று ஒருத்தன் எழுதி வைத்திருந்தான்.

அந்த மாலையோடேயே ஞானசெல்வம் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தது. ரூபி காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டீ கொடுத்தது, தனி நேர்வு, நான் முடியாது என்றது, ஒருமனதாக நிறைவேறியது. அந்த அம்மா முழுசும் கேட்டுக்கொண்டது. கடைசியில் ஒரே கேள்வி.

"அத்தைய யாரு கேட்டா அண்ணாச்சி?"

அது ஒரு உத்தி சிஸ்டர், உங்களுக்குப் புரியாது என்றேன். சரி என்றது. மாலையை எடுத்து ரூபி கழுத்தில் போட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

பிறகு காத்திருப்பு. நான் சென்னைக்குப் போன் போடாத வாரம் இல்லை. பரிசீலனையில் இருக்கிறது. நஸ்ரின் அம்மா ஒரு தடவை கூடக் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டாலாவது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். அங்கே ஞானசெல்வத்துக்குக் கஞ்சி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. படுத்துக்கொண்டே ரூபிக்கு வேலை பழக்கியது. விளக்கை அணைக்க, கதவைத் தாழ்ப்பாள் போட, அடுப்புப் பக்கம் போகாமல் இருக்க. ரூபிக்குத் தாழ்ப்பாள் மட்டும் வந்தது. எந்நேரமும் போட்டுப் போட்டு எடுப்பாள். நான் போய்க் கதவைத் தட்டினால் திறக்க அரை மணி ஆகும்.

அப்புறம் பதில் வந்தது. அரசு கவனமுடன் ஆராய்ந்ததாம். அத்தை, சித்தி, நாத்தனார் உள்ளிட்டோரைச் சேர்த்தால் குடும்பம் என்பதற்கு வரையறையே இல்லாமல் போகுமாம். ஆகவே ஏற்பதற்கில்லை.

பாருங்கள் சார் அநியாயத்தை. அத்தையைக் காரணம் காட்டி ரூபியைக் கழித்துவிட்டார்கள். அத்தையை நான் விட்டுக்கொடுக்கத்தான் வைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பேன். யாருமே கேட்கவில்லை. பேரம் தெரியாதவர்களிடம் நாட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

வள்ளியூர் வந்துவிட்டதா? எங்கள் ஸ்டாப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சரி, முடித்துவிடுகிறேன்.

மறுபடி சென்னைக்குப் போனேன். இந்தத் தடவை தலைவர் அறைக்கு நானே போனேன். அந்தத் தனி நேர்வு, அந்த ஒரு வரி, அதையே இப்போது போட்டுவிடலாம் என்றேன். முன்னுதாரணம் வாக்கியத்தைக் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரிடமும் நான் அப்படி இறங்கிப் பேசியதில்லை சார். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். அன்றைக்கு அது யாரும் கேட்காத விஷயம், அதனால் கொடுத்திருக்கலாம். இன்றைக்கு அது அரசு மறுத்த விஷயம். தங்கைக்குக் கிடையாது என்று கையெழுத்தாகிவிட்டது, இனி எந்தத் தங்கைக்கும் என்னால் கோப்புத் திறக்க முடியாது. இவ்வளவையும் தூங்குகிற குழந்தையை எழுப்பாத அந்தக் குரலிலேயே சொன்னார்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. நஸ்ரின் அம்மா எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த வாரியத்தைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன் என்று சொல்லி, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வராண்டாவில் நின்றேன். கூப்பிட ஆள் வருவார்கள் இல்லையா? வழக்கம் அதுதானே. நான் இல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? பீடியை எல்லாம் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், அதனால் சும்மாவே நின்றேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணை விட்டு மறையும் வரை நின்றேன். கதவு திறந்தது. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். கூட்டம் முடிந்துவிட்டது. மீதிப் பொருள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது. நஸ்ரின் அம்மா என்னைப் பார்த்து நின்றார்கள்.

"நீங்க இன்னும் போகலையா சார்? வாங்க, சாப்பிடலாம்."

போய்ச் சாப்பிட்டேன். சாம்பார் சாதம், தயிர் சாதம். வேறு என்ன செய்வது?

ஊருக்கு வந்து ஞானசெல்வத்திடம் சொல்ல வேண்டுமே. அந்த அம்மா அப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டது. நான் அரசாங்கத்தைத் திட்டினேன். இது கொள்கைப் போராட்டம், நாம் தோற்கவில்லை, எல்லாருக்காகவும் கேட்டிருக்கிறோம், வரலாறு பேசும் என்று என்னென்னவோ சொன்னேன். கையை லேசாகத் தூக்கி நிறுத்து என்று காட்டியது. வார்டில் சத்தம் போடுகிற ஆட்களுக்குக் காட்டுகிற கை அது.

"எல்லாருக்கும் கேட்டிய, சரி. அந்த எல்லாரும் இப்ப எங்க அண்ணாச்சி? வாசல்ல ஒருத்தரையும் காணலையே."

நான் இருக்கேன்லா என்றேன். பேச்சு வாக்கில் வந்துவிட்டது. அந்த அம்மா உடனே, ஆமா, நீங்க இருக்கிய என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது. பேரம் முடிந்த மாதிரி. நான் என்ன ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே அப்புறம்தான் புரிந்தது. முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை கூடக் கூட்டிக் குறைத்துப் பேசாமல் நான் முடித்த பேரம் அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அந்த அம்மா போய்விட்டது. பென்ஷன் அந்த மாசத்தோடு நின்றது. வாடகை வீடு. ரூபி என் வீட்டுக்கு வந்தாள். மகனுக்கு வேலை வெளியூரில், மருமகளும் பேத்தியும்தான் வீட்டில். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி பகல் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு தடவை மருமகளை உள்ளே வைத்து ரூபி பூட்டிவிட்டாள். ஒரு நாள் பேத்தியின் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்துவிட்டாள். இவளுக்கு அக்கா சாகவில்லை சார். அக்கா டூட்டிக்குப் போயிருக்கா. கேட்டுப் பாருங்கள், அதைத்தான் சொல்லுவாள். மருமகள் ஒரு நாள் எனக்குச் சோறு வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "மாமா, ஒங்க வாரியத்துல இதுக்கு ஒரு ஆலோசனை சொல்ல மாட்டாங்களா?" அவளுக்கும் வாய் உண்டு.

வாரியத்துக்கு இப்போதும் போகிறேன். பதவிக்காலம் இருக்கிறதே. போகிறேன், உட்கார்கிறேன், பதிவு செய்கிறார்கள், வருகிறேன். மேசையைத் தட்டுவதில்லை. ஆனாலும் நஸ்ரின் அம்மா என் தம்ளரைத் தள்ளித்தான் வைக்கிறார்கள்.

இந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னது கோயில் ஃபாதர். போன் போட்டேன். அங்கே ஒரு மதர் பேசினார்கள். என் பழக்கப்படி, இவளுக்குத் தனி அறை வேண்டும், தினமும் மீன் வேண்டும், பாட்டுப் பெட்டி வேண்டும் என்று அடுக்கினேன். அறை இல்லை, வெள்ளிக்கிழமை மட்டும் மீன், பாட்டு நாங்களே பாடுவோம் என்றார்கள். நல்ல பொம்பளை, பேரம் தெரிந்தவர்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது. எல்லாம் பேசி முடித்துவிட்டு, பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் அவங்களுக்கு யார் என்று கேட்டார்கள்.

எதைச் சொல்வது சார்? அண்ணன் என்றால் நாளைக்குப் பொய் ஆகிவிடும். தெரிந்தவர் என்றால், தெரிந்தவருக்கு எதற்குப் பொறுப்பு என்பார்கள். சங்கத் தலைவர் என்றேன். நேரில் வாருங்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாக யோசிக்கிறேன். அரசாங்கத்திடம், தங்கச்சி குடும்பம் இல்லையா, அத்தை குடும்பம் இல்லையா என்று அந்தக் கத்து கத்தினேனே. எனக்கு இவள் என்ன முறை என்று ஒரு சொல் கிடைக்கவில்லை. நீங்கள் படித்தவர் மாதிரித் தெரிகிறீர்கள். என்ன சொல்லலாம்?

என்னவாம்? கண்டக்டர் என்ன சொல்கிறார்?

பனவிளை விலக்குப் போய்விட்டதா? ஏன்யா, சொல்ல வேண்டாமா? வயசான ஆள், கூட இப்படி ஒரு பிள்ளை, ஒரு குரல் கொடுத்தால் என்ன? கொடுத்தாராம். ரெண்டு தரம் கூப்பிட்டாராம். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேனாம். இறங்கவில்லை என்று நினைத்து விசில் கொடுத்துவிட்டாராம். கேட்டீர்களா கதையை? பேச்சு சுவாரசியத்தில் தலை ஆடியிருக்கும். தலை ஆடினால் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதா?

இங்கேயே நிறுத்துகிறேன், இறங்கிப் பின்னால் நடந்தால் கொஞ்ச தூரம்தான் என்கிறார். பாருங்கள், இவரும் கேட்கிறதுக்கு முன்னால் கொடுக்கிறார். இந்த வெயிலில் இவளை நடத்திக் கூட்டிப் போவதாவது. வேண்டாம், போகட்டும். நாகர்கோவில் ரெண்டு கொடுங்க. ஆமாம், ரெண்டு. போய் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நேரமாகிவிட்டால் இன்னொரு நாள். மருமகளிடம் இல்லம் பூட்டியிருந்தது என்று சொன்னால் போயிற்று. எல்லா இடமும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பூட்டியிருக்கத்தானே செய்யும்?

என்ன சார், சிரிக்கிறீர்கள். சிரிக்க என்ன இருக்கிறது?

ரூபி, அங்கே பார். காத்தாடி. இவள் இதுவரைக்கும் பார்த்ததில்லை சார், மலைக்குக் கீழே இத்தனை காத்தாடி. கரண்டு எடுக்கிறது என்று சொன்னால் இவளுக்குப் புரியாது. எண்ணத் தொடங்கிவிட்டாள். இவளுக்கு மூணு வரைக்கும்தான் தெரியும். மூணு முடிந்ததும் மறுபடி ஒண்ணிலிருந்து. அக்கா சொல்லிக் கொடுத்தது.

எண்ணட்டும். ஊர் வர இன்னும் நேரம் இருக்கிறது.